சேதாரம்

மூன்று மாதக் கூலிக்குப் பதிலாக
ஒரு நாய் வந்தது.

லோகு முதலாளியின் ஸ்கூட்டரில்
முன்னால் துண்டு விரித்து
உட்கார்ந்து வந்தது.
"மால்டீஸ். பேப்பர் எல்லாம் இருக்கு.
வாங்கினது இருபத்தெட்டாயிரம்.
உன் பாக்கி பதினொன்னுதானே, வெச்சுக்க.
வெள்ளி இறங்கட்டும், பார்க்கலாம்."
வெள்ளி ஏறும்போதும் இறங்கட்டும் என்பார்.
இறங்கும்போது ஏறட்டும் என்பார்.

சிவதாபுரத்தில் எங்கள் வீடு
பாதி பட்டறை, பாதி சமையல்.
இரண்டுக்கும் நடுவில் அது நின்றது,
யாரோ தலையணையைப் பிரித்துக்
கொட்டிவிட்டுப் போனதுபோல.

எனக்குத் தெரிந்த வழியில்
அதை அறிந்துகொள்ளப் பார்த்தேன்.
கொலுசுத் தராசு கொள்ளவில்லை;
அரிசிக்கடைத் தராசில்
மூன்று கிலோ நூற்றெண்பது.
"இதுல நாய் எவ்வளவு, மயிர் எவ்வளவு?"
என்றாள் மாதேஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை விடை தெரிந்தது.
ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதும்
முக்கால்வாசி நாய் காணாமல் போனது.
மிஞ்சி நின்றவை
இரண்டு கண், ஒரு மூக்கு, கொஞ்சம் நடுக்கம்.
சேதாரம் ஜாஸ்தி என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
முந்தானையால் துவட்டிக்கொண்டிருந்தாள்.

தயிர்ச்சோற்றை முகர்ந்துவிட்டுப்
போய்ப் படுத்துக்கொண்டது.
சாயங்காலம் நான் தின்ற தட்டுவடை செட்டிலிருந்து
சிந்திய பீட்ரூட்டைப் பொறுக்கித் தின்று
வெற்றிலை போட்ட வாயோடு வந்து நின்றது.

கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு,
துருப்பிடித்த நிறத்தில்.
இந்த வகைக்கு அப்படித்தான்,
அழுகை இல்லை, வெறும் கசிவு என்றார் டாக்டர்.
கண்ணீர் வராமல் அழுகிறவர்களை
இந்தத் தெருவில் பலபேரைத் தெரியும்.
இது எனக்குப் புதிது.

எதுக்குங்க ஆகும் இது, என்று கேட்டார்கள்.
காவலுக்கு ஆகாது.
திருடன் வந்தால் அவன் மடியில் ஏறிவிடும்.
சும்மா கூட இருக்கும், என்றேன்.
தரைத்தூசியைக்கூடக் கூட்டி
உருக்கிக் காசாக்கும் தெரு இது.
அந்தப் பதில் இங்கே செல்லாது.

ஆனால் பட்டறைப் பலகைக்கு அடியில்
அது புரண்டு புரண்டு தூங்கியது.
அரப்பொடி முழுக்க மயிரில் ஏறியது.
வெயிலில் நின்றால்
உடம்பு எங்கும் ஊசி ஊசியாய் மின்னியது.
குளிப்பாட்டிய தண்ணீரை மாதேஸ்வரி கொட்டவில்லை.
நாலு ஞாயிறு தெளியவைத்து, வடித்து,
வெண்காரம் போட்டு உருக்கினோம்.
மூசையின் அடியில்
மிளகு அளவு ஒரு முத்து.
அறுநூறு மில்லி.
அன்றுதான் அதற்குப் பெயர் வைத்தோம்: பொடி.

புரட்டாசியில் ஒருநாள்
பற்றவைக்கும் தீ அதன் வாலைத் தொட்டது.
வீடெல்லாம் மயிர் கருகிய நாற்றம்.
வெள்ளித்தகடு வெட்டும் கத்திரியை எடுத்து
தலை முதல் கால்வரை ஒட்ட வெட்டிவிட்டாள்.
மழையில் நனைந்த ஆட்டுக்குட்டிபோல்
இரண்டு நாள் வெட்கப்பட்டு மூலையில் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம்
முதலாளி வந்தார்.
மகள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.
பதினொன்றையும் எண்ணிப் பலகைமேல் வைத்து
"எங்க ரோக்ஸி?" என்றார்.

ரோக்ஸி அவர் ஷூவை நக்கிக்கொண்டிருந்தது.

காலை உதறினார்.
"இது என்ன, ரோட்டுல பிடிச்சதா?"

நான் மாதேஸ்வரியைப் பார்த்தேன்.
அவள் கையிலிருந்த கொலுசைப் பார்த்தாள்.
"வித்துட்டியா? எவ்வளவுக்கு?"
அதற்கும் நாங்கள் வாய் திறக்கவில்லை.
வைத்த பணத்தை
ஒரு தடவை எண்ணிச் சரிபார்த்துப்
பைக்குள் போட்டுக்கொண்டார்.
ஸ்கூட்டர் திரும்பும்வரை
அது வாலாட்டிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் சாப்பிடாததை நினைத்து
இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.
பிறகு வந்தது.
என் கால்மேல் அதற்கு முன்பே
ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது மயிர்
ஒரு விரல்கடை வளர்ந்துவிட்டது.
தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால்
மாதேஸ்வரி கத்திரியைத் தேடுகிறாள்.